மயிலுக்கும் ஓர் இடம்

கவரைப்பேட்டையில் நாங்கள் விலை பேசியிருக்கும் வீட்டுக்குக் குடிபோக வேண்டுமானால், பொதட்டூர்பேட்டையில் ஒரு பெண்மணி விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எங்களுக்கு உறவில்லை. அவரிடம் நாங்கள் எதையும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. போன தை மாதம் வரை அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகன் சந்நிதியில் நின்று, "தடையை நீக்கிக் கொடு சாமி" என்று நான் கேட்டதெல்லாம் அவரைப் பற்றித்தான். வேறு என்ன தடை இருந்தது? விற்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, பத்திரம் சுத்தமாக இருந்தது. இல்லாதது அந்த ஒரு கையெழுத்து.

இது மனசில் உறைத்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. தடையாக நிற்பது ஒரு மனுஷி என்று தெரிந்த பிறகும் "அதை நீக்கு" என்று கடவுளிடம் கேட்டால், அது வேண்டுதலா, இல்லை ஒருவர்மேல் ஏவல் வைப்பதற்குப் பக்கத்தில் போய்விடும் காரியமா?

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளிப்பட்டுக்காரர்கள். மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. இங்கிருந்து திருத்தணி, திருவள்ளூர் என்று பஸ் மாறி மாறி மகன் வீட்டுக்குப் போவது இனி அவரால் ஆகாது. ஆகவே மாமனார் காலத்து வீட்டை விற்றுவிட்டுக் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டை வாங்குபவர் எங்கள் தெருவிலேயே விசைத்தறி வைத்திருப்பவர். அவர் எங்களுக்குத் தர வேண்டிய மீதிப் பணம், பொதட்டூர்பேட்டையில் அவருடைய அப்பா விட்டுப்போன மனையை விற்றால்தான் வரும். அந்த மனையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பங்கு, அக்காவுக்கும் பங்கு. அந்த அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தப் பக்கம், கவரைப்பேட்டை வீட்டுக்காரர்கள் வயதான தம்பதி. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எங்கள் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள். அம்பத்தூர்க்காரரும் எங்கோ அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

இங்கிலாந்தில் வீடு வாங்குவதே பெரும்பாலும் இப்படித்தான் நடக்குமாம். ஒருவர் வீடு விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும் என்று வரிசையாக நிற்பார்கள். ஒப்பந்தத் தாள்களை மாற்றிக்கொள்ளும் நாள்வரை எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. நம் ஊரில் அட்வான்ஸ் கைமாறிய அன்றே வாக்கு விழுந்துவிடுகிறது. ஆனால் பக்கத்து ஆளோடு மட்டும்தான் வாக்கு. அவருக்கு அப்பால் யார் நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்று எவருக்கும் தெரிவதில்லை. பொதட்டூர்பேட்டைப் பெண்மணிக்கும் அம்பத்தூர் ஃபிளாட்டுக்கும் சம்பந்தம் இருப்பது அந்த இருவருக்குமே தெரியாது. நடுவில் நிற்கிற எனக்குத் தெரியும்.

வீடு தள்ளிப்போனால் சொல்வதற்கென்று எங்கள் பக்கத்தில் சில பேச்சுகள் தயாராக இருக்கின்றன. பிராப்தம் இருந்தால் அமையும். நேரம் கூடி வரவில்லை. கண் பட்டிருக்கும், பூசணிக்காய் சுற்றிப் போடு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. பதிவுத்துறையே இதற்கு இடம் கொடுக்கிறது: முகூர்த்த நாளில், ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் 100 டோக்கனுக்குப் பதிலாக 150 கொடுக்கிறார்கள், இரண்டு பேர் இருந்தால் 200-க்குப் பதிலாக 300. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் ஆடிக்கே விலக்கு. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் தள்ளுவதில்லை. ஆடி மாதத்தில் எவரும் எவரையும் நெருக்க முடியாது. கடன்காரர்கூட "ஆவணி பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். குற்றம் சாட்ட ஆளே இல்லாத தாமதம் அது. நாற்பது வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்கிற வயதானவர்களுக்கு அந்த ஒரு மாதம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைக் கவரைப்பேட்டை அம்மாவைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

காத்திருப்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்துச் சாமிகளே பழக்கியிருக்கிறார்கள். சோளிங்கர் மலைமேல் இருக்கும் யோக நரசிம்மர் கார்த்திகை மாதத்தில்தான் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். மற்ற மாதங்களில் 1,305 படி ஏறிப் போனாலும் யோகத்தில் இருப்பவர் முன்னால் நின்றுவிட்டு வர வேண்டியதுதான். அதே மலையில் ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிஷம், இருந்தாலே போதும், வீடுபேறு கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். சின்ன வயதில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பக்தன் இருக்க வேண்டிய நேரம் 24 நிமிஷம். சாமி பார்க்கும் நேரம் சாமியுடையது.

ஆனால் விதி, நேரம் என்று பேசுவதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. அந்தப் பேச்சு ஆளை மறைத்துவிடும். "நேரம் வரலை" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் ஒருவர் ஏதோ ஒரு காரணத்தோடு உட்கார்ந்திருந்தார். காரணம் என்ன என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. புரோக்கர்தான் கடைசியில், "நீங்க லேடீஸ், நீங்க போய்ப் பேசினா அந்தம்மா கேப்பாங்க" என்று என்னை அனுப்பினார்.

தறிச் சத்தம் நிற்காத தெரு அது. அவர் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி ஊர் சொன்னதும், "உக்காருங்கக்கா, எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் எப்பவும் சொல்லலக்கா. எங்கப்பா படுத்துக் கெடந்தப்ப பீ மூத்திரம் எடுத்தவ நான். அம்மா தெவசத்துக்கு என்னைக் கூப்பிடல. ரெண்டு வருசமா கூப்பிடல. இப்ப கையெழுத்துக்கு மட்டும் ஆள் மேல ஆள் வருது. இதையும் போட்டுக் குடுத்துட்டா, அப்புறம் அந்த வீட்டுலேர்ந்து எனக்கு ஃபோன் எதுக்கு வரும்?"

"பங்குக்கு என்ன கேக்கறீங்க?" என்றேன். கோர்ட்டில் வேலை பார்த்த பழக்கம், அப்படித்தான் வாயில் வந்தது.

"சட்டப்படி என்ன வருமோ வரட்டும். நான் அதைப் பத்திப் பேசவே இல்லயேக்கா."

எங்கள் வீட்டு விஷயத்தை நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவருக்கு நூல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஜாதகத்தில் தாய்க்கும் வீட்டுக்கும் ஒரே இடம், நான்காம் இடம். என் ஜாதகத்தில் நான்காம் இடத்தைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தாமதத்தின் நான்காம் இடம் எங்கே இருக்கிறது என்று அன்று சாயங்காலம்தான் பார்த்தேன்.

மகனிடம் சொன்னபோது அவன் நியாயமான ஒரு கேள்வி கேட்டான். "அம்மா, நாலு குடும்பம் நிக்குது. பாப்பா ஸ்கூல் நிக்குது. அந்த வயசானவங்க நிக்கறாங்க. எல்லாரும் ஒருத்தரோட கோபத்துக்காக நிக்கணுமா?" நாலு பேர் கஷ்டத்தையும் ஒருவர் மனஸ்தாபத்தையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று அவன் கேட்கிறான். யோசித்துப் பார்த்தேன். தராசே இங்கே செல்லாது என்றுதான் எனக்குப் பட்டது. அவருடைய பங்கு எங்கள் ஒப்பந்தத்துக்கு முந்தியது. தறிக்காரர் தனக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்றை நம்பி எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி நாங்கள் கவரைப்பேட்டைக்கு வாக்குக் கொடுத்தோம். அதை நம்பி அவர்கள் அம்பத்தூருக்கு. நாலு குடும்பமும் அந்தப் பெண்மணியின் மௌனத்தைச் சம்மதமாக வரவில் எழுதிக்கொண்டு செலவு செய்திருக்கிறோம். அவர் எங்களை நிறுத்தி வைக்கவில்லை. அவரைக் கேட்காமல் நாங்கள்தான் அவர்மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறோம்.

நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக நீதிமன்றங்களில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாகப்பிரிவினைத் தீர்ப்புகளை என் விரல்கள் அடித்திருக்கின்றன. பிரதிவாதிகள் வரிசையில் கடைசியாக வரும் பெயர் அநேகமாக ஒரு பெண்ணுடையது, கட்டிக்கொடுத்த மகள். "இவர் அவசியமான தரப்பினர் என்பதால் சேர்க்கப்பட்டுள்ளார், இவர்மீது பரிகாரம் எதுவும் கோரப்படவில்லை" என்று வழக்குரையில் ஒரு வாக்கியம் இருக்கும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமான பங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டத்தைத் திருத்தியது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்தது. இத்தனை வருஷம் நடந்து வந்து சேர்ந்த உரிமை ஒரு பெண்ணின் கையில் எப்படி இருக்கிறது? பெரும்பாலும் "போடமாட்டேன்" என்று சொல்லக்கூடிய உரிமையாக. விடுதலைப் பத்திரம் என்று ஒரு வகை ஆவணமே இருக்கிறது, அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு. போட்டுவிட்டால் அந்த உரிமையும் முடிந்துபோகும். போடாத நாள்வரைதான் அவரை எவரும் தேடி வருவார்கள். தாமதம் ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருக்கும் பேச்சு. அதைப் பறித்துக் கொடு என்று ஆறு வாரம் விளக்குப் போட்டு முருகனிடம் கேட்பதை இனி என்னால் செய்ய முடியாது.

தாமதிக்கிறவர்கள் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வாய்தாமேல் வாய்தா வாங்கியே எதிராளியைக் கரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்மன் வாங்காமல் ஒளிவது, வக்கீலை மாற்றுவது, டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பது. தாமதம் அங்கே கத்தி. அப்படியானால் ஒருவருடைய தாமதம் உரிமையா, வன்முறையா என்று எதை வைத்துச் சொல்வது? இதைச் சட்டம் யோசித்திருக்கிறது, சாஸ்திரம் படித்தவர்கள் பலரைவிட நன்றாகவே யோசித்திருக்கிறது என்பது என் எண்ணம். நிலம் வீடு விற்கும் ஒப்பந்தத்தில் குறித்த தேதி பொதுவாக அதன் உயிர் அல்ல; நாள் தாண்டியதாலேயே வாக்கு செத்துவிடாது. ஆனால் வாக்கை நிறைவேற்றித் தரும்படி கோர்ட்டுக்கு வருகிறவர், தன் பங்கைச் செய்யத் தான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததைக் காட்ட வேண்டும். 1963-ஆம் வருஷத்துத் தனிப்பரிகாரச் சட்டம், 16-ஆம் பிரிவு. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978-ல் 60,000 ரூபாய் விலை பேசி 5,000 அட்வான்ஸ் கொடுத்தவர், ஆறு மாதக் கெடுவைத் தாண்டி இரண்டரை வருஷம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வீட்டைக் கேட்டு வந்தார். அதற்குள் விலை மும்மடங்காகியிருந்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீடு இல்லை என்றது. காத்திருந்தவரா, தூங்கியவரா என்று கேட்டது கோர்ட்டு.

அந்தக் கேள்வியை அந்தப் பெண்மணியிடம் கேட்டுப் பார்த்தேன், மனசுக்குள். அவர் தயாராகத்தான் இருக்கிறார், விருப்பமாகத்தான் இருக்கிறார். தன்னை மகள் என்று எண்ணிக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போடும் நிபந்தனை. தம்பிகளிடம் கேட்டுப் பார்த்தேன். கையெழுத்துக்குத் தயார், அக்காவுக்குத் தயாரில்லை. எங்களிடம் கேட்டபோது பதில் அவ்வளவு எளிதாக வரவில்லை.

இப்போது சிறுவாபுரிக்கு வருகிறேன். சொந்த வீடு வேண்டுகிறவர்கள் போகும் கோயில் என்று திருவள்ளூர் மாவட்டம் முழுக்கத் தெரியும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போனால் சின்னம்பேடு. தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை வர வேண்டும் என்பது வழக்கம். வாடகை வீட்டுக்காரர்கள், இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள், சிப்காட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், வட இந்தியத் தொழிலாளிகள்கூட வருகிறார்கள். கல் மேல் கல் அடுக்கிச் சின்ன வீடு கட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் மாடி வைத்துக் கட்டுவார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இந்தத் தலத்துக்குப் பாடிய திருப்புகழ், தேவர்கள் தங்கள் ஊரில் மறுபடியும் குடியேறியதைச் சொல்லித் தொடங்குகிறது. அதனால்தான் வீட்டு வேண்டுதலுக்கு இந்தக் கோயில் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

அந்தக் காரணத்தை நான் கடைசிவரை யோசித்துப் பார்த்தேன். தேவர்களும் வீடு இழந்தவர்கள்தான். அவர்கள் ஊரில் சூரபத்மன் உட்கார்ந்திருக்கிறான். இந்திரன் மகன் ஜயந்தன் சிறையில் இருக்கிறான். சூரன் போனால்தான் தேவர்கள் குடியேற முடியும். இடம் காலியாகக் காத்திருக்கிறவர்கள் அவர்களும். முருகன் என்ன செய்தார்? வேலை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விடவில்லை. முதலில் வீரபாகுவைத் தூது அனுப்பினார். பேச்சு, அவகாசம், அதற்குப் பிறகுதான் போர். காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் தமிழில் பாடிய கந்தபுராணத்தில் முடிவு இன்னும் ஆச்சரியம். மாமரமாக நின்ற சூரன் இரண்டாகப் பிளக்கப்பட்டு மயிலாகவும் சேவலாகவும் வருகிறான். அவனுக்கு அழிவில்லை. ஒன்று வாகனமாகிறது, ஒன்று கொடியில் ஏறுகிறது. தேவர்களுக்கு ஊர் கிடைத்தது. ஊரைவிட்டு எழுப்பப்பட்டவனுக்கு முருகன் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்த இடம்தான் பெரிது என்று சொல்லக்கூடத் தோன்றுகிறது.

சிறுவாபுரியில் சந்நிதிக்கு எதிரே பச்சை மரகதக் கல்லில் ஒரு மயில் இருக்கிறது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், நானும்தான். வீடு கேட்டு உள்ளே போகிறவர்கள் யாரைத் தாண்டிப் போகிறோம் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டாமா? சூரனோடு அந்தப் பெண்மணியை ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடாவடியாக ஊரைப் பிடித்த அசுரனுக்கே ஓர் இடம் கொடுக்காமல் தேவர்களைக் குடியேற்றாத சாமி, அப்பன் மனையில் நியாயமான பங்குள்ள ஒரு மகளை ஒதுக்கிவிட்டு என்னைக் குடியேற்றுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? எதிர்பார்த்தால் நான் கும்பிடுவது யாரை?

இது முருகனுக்கு மட்டும் உரிய சிந்தனையும் இல்லை. நம்முடைய பழைய சிற்ப நூல்களின் மரபிலேயே இது இருக்கிறது. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில், வேலைக்கு மரம் வெட்டும் முன் செய்ய வேண்டிய முறை வருகிறது. முதல் நாள் இரவு மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருக்கும் உயிர்கள், பூதங்கள் எல்லாரையும் வணங்கி, படையலை ஏற்றுக்கொண்டு வேறு இருப்பிடம் தேடிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில்தான் கோடாலி. ஒரு ராத்திரி அவகாசம், சோறு, மரியாதையான வார்த்தை. திருத்தணியிலும் இதே மனசுதான் எனக்குத் தெரிகிறது. போர் முடிந்து கோபம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம் என்பதால் அங்கே கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. அன்றைக்குப் பூக்களால் அர்ச்சனைதான்.

எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறிக்காரர் தாய்ப் பத்திரம் கேட்டார். அது தெலுங்கில் இருந்தது. 1911-லிருந்து திருத்தணி தாலுகா சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது நாங்களும் அதோடு போனோம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் போராடி, படாஸ்கர் வந்து விசாரித்து எல்லை சொல்லி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்த ஆறரை வருஷம் இந்தத் தாலுகா முழுவதும் எந்த ஊருக்குச் சொந்தம் என்று தெரியாமல் காத்திருந்தது. என் மாமனார் அந்தக் காலத்தில் வாங்கிய வீடு இது. பேச்சில் தெலுங்கு எங்கள் எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்துப் பத்திரக் கையெழுத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை. நகரியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து படிக்கச் சொன்னோம்.

விற்றவர் ஒரு விதவை. வீட்டின் பின்கட்டு அறையில் ஆயுள் உள்ளவரை அவர் குடியிருக்கலாம், வாங்கியவர் வகையறா எந்த ஆட்சேபமும் செய்யக்கூடாது என்று பத்திரத்தில் ஷரத்து இருந்தது. பின்கட்டு அறையை எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவ்வா அறை என்றுதான் சொல்கிறோம். மாமியாருடைய மாமியாராக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு உறவே இல்லாத அந்த அவ்வா எத்தனை வருஷம் அங்கே இருந்தார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. மாமனார் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. அவர் வாங்கிய வீட்டில், வீடு முழுசாகக் கைக்கு வரும் நாளை ஒரு கிழவியின் ஆயுளோடு சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எப்போது முழுசாக வரும் என்று அவர் முருகனிடம் கேட்டிருந்தால் அது எதைக் கேட்டதாக ஆகியிருக்கும்! கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில்தான் நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்திருக்கிறேன்.

நண்பர்கள் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். நாம் கேட்பதைக் கேட்போம், யாருக்கு எது நல்லதோ அதைச் சாமி பார்த்துக்கொள்வார், கேட்கிற வார்த்தைக்கெல்லாம் இவ்வளவு கணக்குப் பார்த்தால் குழந்தை தாயிடம் கேட்பது போல எப்படி வேண்டுவது என்று. எனக்கும் அப்படி வேண்டத்தான் ஆசை. ஆனால் தெரியாமல் கேட்பது வேறு, அந்தத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகு கேட்பது வேறு. தெரிந்துகொண்டதைச் சந்நிதிக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போக முடியவில்லை. வேண்டுதலில் சாமி மாறுவதில்லை, கேட்கிறவர்தான் மாறுகிறார் என்பார்கள். அப்படியானால் "அவள் வழிவிடட்டும்" என்று வாராவாரம் சொல்லிச் சொல்லி நான் எப்படிப்பட்டவளாக மாறிக்கொண்டிருப்பேன்? எனக்குப் பயம் அதில்தான்.

செவ்வாய்க்கிழமைக்கு இப்போதும் போகிறேன். வீடு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. வீட்டுக்காரர் ராத்திரியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவள் நான். கூடவே, யார் கையெழுத்துப் போட வேண்டுமோ அவர் மனசாரப் போடட்டும், போடாவிட்டால் அவருக்கு அதில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், அப்படி ஆனால் எங்களுக்கு வேறு வழி காட்டு என்கிறேன். நீளமான வேண்டுதல்தான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள், சுருக்கிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வேண்டுதலோடு விட முடியாது, எங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறோமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களும்தானே. கவரைப்பேட்டைத் தம்பதியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். இதுவரை அவர்களுக்கு "அடுத்த மாசம்" என்று மட்டும்தான் சொல்லி வந்திருந்தோம். அந்த அம்மா கேட்டுவிட்டு, "எனக்கும் ரெண்டு அண்ணனுங்கம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தை மாதம் வரை கெடு நீட்டி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அதற்குள் முடியாவிட்டால் அவர்கள் வேறு ஆளுக்கு விற்றுக்கொள்ளலாம், அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் போதும் என்றும் எழுதினோம். அம்பத்தூர்க்காரரிடம் அவர்கள் பேசியிருக்கிறார்கள். அவருக்கு இன்னும் கோபம்தான். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பேரனை இந்த வருஷம் பள்ளிப்பட்டிலேயே சேர்த்துவிட்டோம். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

தறிக்காரர் வீட்டில் அடுத்த மாதம் அம்மாவின் தெவசம் வருகிறது. அக்காவைக் கூப்பிடப் போவதாக என்னிடம் சொன்னார். அன்றைக்கே பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன். தெவசத்துக்குக் கூப்பிடு, சாப்பாடு போடு, புடவை எடுத்துக் கொடு, பஸ் ஏற்றி அனுப்பு. கையெழுத்தைப் பற்றி அந்த மாதம் முழுவதும் யாரும் வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.